யாகப்பு வீட்டுப் பொடி

திருநாளுக்கு நாலு நாள் இருக்கும்போது கோயில் கிற்றாரைக் களவாகக் கழற்றிப் போடுவதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும். கிறிஸ்ரினாவுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே வாய்த்திருந்தது.

குருநகரில் கோயில் பாடகர் குழுவுக்குக் கிற்றார் வாசிப்பவள் அவள். எலக்ரிக் கிற்றார்தான், பங்குத்தந்தை இந்தப் பங்குக்கு வரும்போது கையோடு கொண்டுவந்தது. ஆனால் யாரோ கக்கூஸ் கதவுக்கு அடித்து மிஞ்சியதை அதற்குப் பூசியது போல ஒரு பச்சை. "நிறத்தை மாத்துவம், ஃபாதர்" என்று மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள். பங்குத்தந்தை சந்தியோகு மூன்று தடவையும், "அதிலை கைவைச்சால் குழுவிலை இடமில்லை" என்று ஒரே வெட்டாக முடித்துவிட்டார். இடம் போனால், திருநாள் பூசையில் தனியாக வாசிக்கிற வாய்ப்பு ஜெயரூபனின் ஓர்கனுக்குப் போய்விடும். அந்த நம்பிக்கையில் அவன் புதுச் சட்டையே தைத்து வைத்திருந்தான்.

ஆனாலும் அந்தப் பச்சையோடு ஊருக்கு முன்னால் நிற்க அவளால் முடியாது. சிவப்பாக அடித்து முடித்து நேரே நீட்டிவிட்டால் ஃபாதர் என்ன செய்வார்? திரும்பப் பச்சையா அடிப்பார்? "கம்பி மாத்தக் கொண்டு போறன்" என்று சொல்லிவிட்டு, புதன்கிழமை காலையில் அதை வள்ளம் திருத்திப் பெயின்ற் அடிக்கும் யாகப்புவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மத்தியானம், தான் வேலை செய்யும் மருந்துக்கடையிலிருந்து அவருக்கு ஃபோன் எடுத்தாள். யாகப்பு முப்பது வருசமாக வள்ள எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கதைத்துப் பழகியவர். மெல்லக் கதைப்பது எப்படி என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"பொடி இஞ்சைதான் கிடக்கு, பிள்ளை. கழுத்தைத் தனியக் கழட்டியாச்சு. உள்ளுக்குக் கிடந்த சாமானெல்லாம் வெளியிலை எடுத்து ஐஸ்கிறீம் டப்பாவிலை போட்டிருக்கிறன். சான்ட் பேப்பராலை பாதி உரிச்சிட்டன். வெள்ளைச் சீலையாலை மூடி வைக்கிறன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டு போகலாம்."

இதில் ஒரு பிழையும் கிறிஸ்ரினாவின் காதில் படவில்லை. கிற்றார்காரருக்குக் கிற்றாரின் உடல்தான் பொடி. குருநகரில் மற்ற எல்லோருக்கும் பொடி என்றால் பிரேதம். அந்த நேரம் பார்த்து மீனோடு யாகப்புவின் வேலியைக் கடந்த அயல்வீட்டுக்காரி யோசப்பின், மீனைக் கீழே போட்டுவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டாளாம்.

பின்னேரம் கிறிஸ்ரினா வந்தபோது யாகப்புவின் வாசலில் ஐம்பது பேர் நின்றார்கள். செத்தவீட்டுக்கென்று யாரோ வானிலிருந்து கதிரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். யாகப்பு பெயின்ற் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அதைத்தான் யோசப்பின், "செய்யிறதைச் செய்துபோட்டு ஓடிட்டான்" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஃபாதருக்கும் ஆள் போய்விட்டது.

கிறிஸ்ரினா பின்பக்கமாகச் சுற்றிப் போனாள். குசினிப் பக்கத்தால் நுழைந்து, கொட்டிலுக்குள் ஓடிச் சீலையைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள். பிறகு ஃபோனை எடுத்து ஒரு படம் எடுத்தாள்.

சீலையை மூடவும் ஃபாதர் ஜெபப் புத்தகமும் தீர்த்தமுமாக உள்ளே வரவும் சரியாக இருந்தது. சனம் முழுக்கக் கொட்டில் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

ஃபாதர் கிறிஸ்ரினாவைப் பார்த்தார். ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் கிடந்த வயர்களையும் திருகிகளையும் பார்த்தார். முகம் சிவந்தது.

"கம்பி மாத்திறதெண்டெல்லோ சொன்னனீ?"

"ஓம், ஃபாதர். அப்பிடியே மிச்சத்தையும் மாத்துவமெண்டு."

"நீ இனிக் குழுவிலை..." என்று தொடங்கியபடியே சீலையின் ஒரு கரையைத் தூக்கினார்.

பச்சை பாதி போயிருந்தது. அதற்குக் கீழே நல்ல இரத்தச் சிவப்பு. சிவப்பின் மேல் பொன் எழுத்தில் 'பைலா சந்தி'. அதற்குக் கீழே பைலாப் பாட்டுக்கு இடுப்பை வெட்டி ஆடும் ஒரு பெண்.

ஃபாதர் சீலையைச் சடக்கென்று போட்டார். கிறிஸ்ரினா பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"ஆர் ஃபாதர், எங்கடை ஆளோ?" வாசலிலிருந்து யோசப்பின் கேட்டாள்.

ஃபாதருக்குப் பொய் சொல்லவும் வராது, உண்மை சொல்லவும் ஏலாது. தொண்டையைச் செருமினார்.

"எங்கடை ஆள்தான். சாகேல்லை. மிச்சம் பாவசங்கீர்த்தனத்திலை அடங்கின விசயம், வெளியிலை சொல்லேலாது. எல்லாரும் வீட்டை போங்கோ."

சனம் கலைந்தது. கதிரைகள் திரும்ப ஏறின. கொட்டிலில் இருவர் மட்டும் மிஞ்சியதும் ஃபாதர் சீலையை விலக்கி, தன் பழைய மேடைப் பெயரை விரலால் ஒருமுறை தடவினார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"என்ன நிறம் அடிக்கப்போறாய்?"

"சிவப்பு, ஃபாதர்."

"எத்தினை பூச்சு?"

"ரண்டு."

"நாலு பூச்சு அடி." கொஞ்சம் யோசித்தார். "ஃபோனிலை படம் எடுத்தனியோ?"

"ஓம், ஃபாதர்."

"அழி."

"ஞாயிற்றுக்கிழமை பூசையிலை தனிய வாசிச்சு முடிச்ச கையோடை அழிக்கிறன், ஃபாதர்."