பக்கத்துக் கூடாரத்துப் பசுவின் ஏப்பம்

மலை மேய்ச்சலில் பார்லி மூட்டைக்குள் வாயை விட்டு வயிறு முட்டத் தின்ற நாளிலிருந்து புருல்சுனின் பசு அசைபோடவே இல்லை. மருந்து கொடுத்தும் புல்லைத் தொடவில்லை. புருல்சுனுக்கும் ரொட்டி இறங்கவில்லை.

மாட்டு டாக்டர் நசிபா பசுவின் விலாவில் காதை வைத்துக் கேட்டாள்.

"பார்லி வயித்துல புளிச்சு, உள்ள இருந்த நுண்ணுயிரெல்லாம் செத்துப்போச்சு அக்கா. ஒரு கூட்டம் புல்லை உடைக்கும். அதுல வர்ற வாயுவை இன்னொரு கூட்டம் தின்னு, மீத்தேனாக்கி ஏப்பத்துல அனுப்பும். வாயு தேங்கினா முதல் கூட்டம் முடங்கிடும். அது முடங்கினா மத்ததுக்குச் சாப்பாடு ஏது? ரெண்டையும் சேர்த்து நல்ல மாட்டு வயித்திலேர்ந்துதான் கொண்டு வரணும்."

அருகில் இருந்த ஒரே நல்ல பசு பக்கத்துக் கூடாரத்து ஷரிபாவுடையது. ஓடைத் தண்ணீருக்காகச் சண்டை போட்டதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஆனாலும் வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டாள் புருல்சுன்.

"ஏண்டி, என் தண்ணி போதாதுன்னு என் மாட்டு வயித்துல இருக்கிறதும் வேணுமா உனக்கு?" என்ற ஷரிபாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தன் பசுவின் கொம்பை அவளே பிடித்துக்கொண்டாள். நசிபா அதன் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பச்சைச் சாற்றை இழுத்து, சூடு ஆறுமுன் நோயாளிப் பசுவுக்குப் புகட்டினாள்.

மறுநாள் பசு புல்லைக் கடித்தது. பொழுது சாய்வதற்குள் தாடையும் அசையத் தொடங்கியது. குனிந்து பார்த்த புருல்சுனின் முகத்திலேயே நீளமாக ஓர் ஏப்பம் விட்டது. நாற்றம் அடித்தாலும் அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"என் மாட்டு ஏப்பம்டி அது! மணக்குதா?" என்றாள் பார்க்க வந்த ஷரிபா.

"மணக்குதுடி, மணக்குது! உள்ள வா" என்று அவளை இழுத்துப்போய், புளித்த குதிரைப்பாலைக் கிண்ணம் நிறைய ஊற்றினாள் புருல்சுன்.