கோப்பைக்காரனின் வகிடு

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. என் வீட்டு உணவு மேசையின்மேல் இரண்டு ஸ்கேனர்கள் இருந்தன. மேசையின் இருபுறமும் என் தம்பியர் இருவர் அமர்ந்திருந்தனர். அப்பா எடுத்த, சட்டமிட்ட பிலிம் துண்டுகளான ஸ்லைடுகளையும் நெகட்டிவ்களையும் கணினியில் ஏற்றுவதற்கு இவற்றுள் எதை வாங்குவது என்பதே கேள்வி. மறுநாள் மாலைவரை இரண்டையும் வைத்துப் பார்க்கக் கடைக்காரர் அனுமதித்திருந்தார். அடுத்த மாதம் குடும்பத்தார் அனைவரும் கூடும்போது படங்களைச் சுவரில் பெரிதாகக் காட்டுவதாக ஏற்பாடு.

முதலாவது தட்டையானது, ஜெராக்ஸ் இயந்திரத்தின் தங்கையைப் போலிருந்தது. கண்ணாடியின்மேல் ஒரு டஜன் ஸ்லைடுகளைப் பரப்பி மூடிவிட்டால் போதும். வேலையை விரைவாக முடிக்கும், சற்று மங்கலாகத் தரும். இரண்டாவது, பிலிமுக்கென்றே செய்யப்பட்ட சிறு பெட்டி. ஒரு நேரத்தில் ஒரு ஸ்லைடைத்தான் விழுங்கும். தொண்டையைச் செருமிக்கொண்டு நெடுநேரம் யோசிக்கும். ஆனால் சட்டைப் பொத்தானின் நூல்வரை காட்டும். விலையும் அதற்கேற்பவே.

தம்பியர் இரட்டையர். சில நிமிடம் முந்திப் பிறந்தவன் பெரியவன், மற்றவன் சின்னவன். சின்னவனுக்கு அழுமூஞ்சி என்று இன்னொரு பெயரும் உண்டு. கோபம் வந்தால் அவன் மனைவியே அப்படித்தான் அழைப்பாள். காரணம் ஒரே ஒரு ஸ்லைடு. நீச்சல் குளத்தின் கரையில் ஆறு வயதுப் பையன்கள் இருவர் நிற்கிறார்கள். ஒருவன் நெஞ்சை நிமிர்த்தி வெள்ளிநிறக் கோப்பையைப் பிடித்திருக்கிறான். மற்றவன் நழுவும் கால்சட்டையை ஒரு கையால் பற்றிக்கொண்டு, வாயைப் பிளந்து அழுகிறான். அடையாளம் தெரிவதற்காகவே அம்மா பெரியவனுக்கு இடப்பக்கமும் சின்னவனுக்கு வலப்பக்கமும் வகிடெடுத்துச் சீவுவார். படத்தில் கோப்பைக்காரனின் வகிடு இடப்பக்கம் இருந்தது. ஆகவே கோப்பை இன்றுவரை பெரியவன் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வீற்றிருக்கிறது. சின்னவனோ நினைவு தெரிந்து தண்ணீரில் முழங்காலுக்குமேல் இறங்கியதில்லை. (இப்போது இருவர் தலையிலும் வகிடெடுக்க ஒன்றும் மிச்சமில்லை.) நான் அக்காலத்தில் விடுதியில் தங்கிப் படித்தேன், எதையும் நேரில் கண்டவள் அல்லள்.

பெரியவன் சிறு பெட்டியின் கட்சி.

"வாங்கறதுன்னா நல்லதா வாங்கணும்க்கா. பாலிஷ் போட்டுப் போட்டுக் கோப்பையில எழுத்தே தேஞ்சுபோச்சு. படத்துலயாவது கடைசி வரிசைல உக்காந்திருக்கறவன் வரைக்கும் படிக்கணும்."

"அதுக்காக நான் அழறத மூக்குச் சளியோட காட்டணுமா? தட்டையே போதும்" என்றான் சின்னவன்.

"பொறாமைடா உனக்கு."

"ஆமாடா. அதுவும் புதுசா வந்ததில்ல."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. மொதல்ல தூசி தட்டுங்க, அப்புறம் சண்டை போடுங்க" என்றேன்.

தட்டை இயந்திரத்தில் கோப்பையின் எழுத்துகள் ஒரு கறையாக மட்டுமே தெரிந்தன. பெரியவன் வெற்றிப் புன்னகையுடன் ஸ்லைடைச் சிறு பெட்டியில் செருகினான். அது செருமியது, யோசித்தது, படத்தைத் திரைக்கு அனுப்பியது. அவன் கோப்பையைப் பெரிதாக்கினான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். எழுத்துகள் மிகத் தெளிவாக இருந்தன. ஆனால் படிக்க இயலவில்லை. அவை அனைத்தும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாக மாறி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

"மெஷின் கோளாறு" என்றான்.

கடைத்தெருப் படம் ஒன்றைச் செருகிப் பார்த்தேன். பெயர்ப்பலகைகள் ஒழுங்காகவே இருந்தன. பிறகு, குளத்து ஸ்லைடை ஜன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தேன். பிலிமுக்கு ஒரு பக்கம் பளபளக்கும், ஒரு பக்கம் மங்கியிருக்கும். பளபளக்கும் பக்கத்துச் சட்டத்தில்தான் அப்பா சிவப்புப் புள்ளி வைப்பார்; எல்லாவற்றிலும் அப்படியே இருந்தது. இதில் மட்டும் புள்ளி இருந்த பக்கம் மங்கியிருந்தது. இதன் பழைய அட்டைச் சட்டம் நனைந்து கிழிந்துபோக, அம்மா மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் அப்பா புதுச் சட்டத்தில் பொருத்தினார். அப்போது பிலிமைப் புரட்டிப் போட்டிருக்கிறார். நாங்கள் இப்படத்தைச் சுவரில் பார்க்கத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான்; அந்தப் பழைய வெளிச்சத்தில் கோப்பையின் எழுத்து கறையாகவே தெரியும். அப்பாவும் கண்டுபிடித்திருக்க வழியில்லை. இருவரில் யார் யாரென்று அவருக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. இருவரையும் 'டேய்' என்றே அழைத்துக் காலத்தை ஓட்டிவிட்டார்.

கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினேன். படம் திரும்பியது. 'நீச்சல், முதல் பரிசு' என்று எழுத்துகள் நேராயின. கோப்பைக்காரனின் வகிடு வலப்பக்கம் போயிற்று. அழுகிறவனின் வகிடு இடப்பக்கம் வந்தது.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்குக்கா" என்றான் பெரியவன். "கோப்பை என்ன கனம்! கையே வலிச்சுது."

"எனக்கும்தான் அழுதது ஞாபகம் இருக்கு. கால்சட்டை நாடா அறுந்தது வரைக்கும்" என்றான் சின்னவன்.

பெரியவன் சிறு பெட்டியை உற்றுப் பார்த்தான். "யோசிச்சுப் பாத்தா, தட்டையே போதும்னு தோணுதுக்கா. சட்டுபுட்டுன்னு வேலை முடிஞ்சிரும்."

"மங்கலா இருக்குமேடா. வாங்கறதுன்னா நல்லதா வாங்கணும்."

"பழி வாங்கறியா?"

"சேச்சே. நீ அழறது கடைசி வரிசைக்குத் தெரிய வேணாமா?"

சொல்லிவிட்டுச் சின்னவன் சிரித்தான். ஆனால் அவன் கண்கள் திரையை விட்டு அகலவில்லை. பிறகு என்னிடம், விளையாட்டாக அல்லாமல், கேட்டான்:

"அக்கா, அப்போ எனக்கு நீந்தத் தெரியுமா?"

பெரியவன்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தெரிஞ்சிருக்கு போல" என்றான்.

இறுதியில் முடிவானது இதுதான். சிறு பெட்டியை வாங்கினோம். தட்டை இயந்திரம் திங்கட்கிழமை மாலை கடைக்குத் திரும்பியது. குளத்து ஸ்லைடைப் புதிய சட்டத்தில் சரியாகப் பொருத்தி, உரிய இடத்தில் புள்ளி வைத்தேன். படம் நேரான பக்கமே காட்டப்படும். அழுமூஞ்சி என்னும் பட்டம் எவருக்கும் மாற்றித் தரப்படாது. அது இத்துடன் ஒழிந்தது.

மறுவாரம் பெரியவன் ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான். உள்ளே கோப்பை. சின்னவன் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. வேலை முடியும்வரை இங்கேயே இருக்கட்டும் என்று சிறு பெட்டியின் பக்கத்தில் வைத்து, ஸ்லைடுகளில் தூசி தட்டும் தூரிகையை அதில் நிறுத்தியிருக்கிறான். நேற்று மேசையைத் துடைக்கையில் பார்த்தேன். கோப்பைக்குள், தூரிகைக்குக் கீழே, விலைச்சீட்டுகூடக் கிழிக்கப்படாத நீச்சல் கண்ணாடி ஒன்று சுருண்டு கிடந்தது.