கிணற்றடியில் நின்றவள்

பாலைவனத்திலிருந்து திரும்பிய பிறகு சயூரன் அந்தப் பெண்ணை முதலில் கண்டது நோர்வேயில், குரோருட் ரயில் மேடையில். பனி தூறிக்கொண்டிருந்த காலை. எதிர் மேடையில், நீல முக்காட்டோடு, இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே உயர்த்தியபடி நின்றாள். ரயில் வந்து போனதும் அங்கே ஒரு விளம்பரப் பலகை மட்டும் இருந்தது. அடுத்த தடவை ட்வெய்ட்டா கடைத்தொகுதியில், நகரும் படிக்கட்டின் உச்சியில் நின்றாள். அவன் பாதியில் திரும்பிக் கீழே ஓடினான். சனம் விலகி நின்று பார்த்தது.

யாரிடமும் அவன் சொல்லவில்லை. அம்மா மரியமலரிடம் சொல்ல வழியே இல்லை. அவன் நோர்வேப் படையில் சேர்ந்த நாளிலிருந்து அந்த வேலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "சமாதானப் படையாத்தான் போறம், அம்மா" என்று புறப்படும்போது சொன்னான். அவள் முகம் வெளிறி, அடுப்பை அணைக்கப் போய்விட்டாள். அடுப்பு எரியவே இல்லை.

அவனுடைய பிரிவு ஒரு காலத்தில் குதிரைப்படை. இப்போது மணல் நிறக் கவச வண்டிகள். தோளில் தைத்த சின்னத்தில் மட்டும் ஒரு குதிரை பாய்ந்துகொண்டிருந்தது. வண்டிக்குள் இருந்த பையன்கள் பழைய கவ்போய் படங்களில் வருவதுபோல வாயால் ஊதுகுழல் ஊதிச் சிரித்தார்கள். சகாராவின் விளிம்பில், ஒரு கிணற்றுக்காக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே அவர்களை அனுப்பியிருந்தார்கள்.

முதல் ஊருக்குள் வண்டிகள் நுழைந்தபோது எல்லோரும் ஓடிவிட்டார்கள். கிணற்றடியில் நீல முக்காட்டோடு ஒரு பெண் மட்டும் நின்றாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே கைகளை உயர்த்தினாள். சயூரன் தலைக்கவசத்தைக் கழற்றிச் சிரித்தான். வெறும் கைகளை விரித்துக் காட்டினான். கடைசி வண்டி அவளைக் கடக்கும்வரை அவள் கைகள் இறங்கவில்லை.

சமாதானம் வந்தது. கப்டன் ஹால்வர் இரண்டு ஊர்த் தலைவர்களையும் ஒரே பாயில் இருத்தித் தேநீர் குடிக்கவைத்தார். "மழைக்காலம் வரை நாங்கள் இங்கேயே இருப்போம். துப்பாக்கிகளைத் தாருங்கள்" என்றார். தந்தார்கள். கப்டன் மனதார நம்பித்தான் சொன்னார். ஆனால் மேலிடத்தில் ஏதோ மாறி, மழைக்கு முன்பே புறப்படச் சொல்லி உத்தரவு வந்தது. கப்டன் தொலைபேசியில் கத்தினார், கெஞ்சினார். பலனில்லை. அவர்கள் போன கையோடு வேறொரு கூட்டம் வந்து முதல் ஊரை எரித்தது. வானிலிருந்து எடுத்த படத்தை முகாமில் காட்டினார்கள். கிணற்றைச் சுற்றிக் கறுப்புத் திட்டுகள்.

நவம்பரில் பதக்கம் வழங்கும் விழா ஏற்பாடாகியிருந்தது. ஒரு பின்னேரம், அம்மா கடைக்குப் போயிருந்தபோது, சயூரன் சீருடையை அணிந்து பார்த்தான். வெளியே அதற்குள் இருட்டிவிட்டது. வாசல் நடையில் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது கதவு திறந்தது.

மரியமலர் பார்த்தது அவன் முகத்தை அல்ல, சப்பாத்தை, தோளை. கையிலிருந்த பை விழுந்து கறிவேப்பிலையும் தக்காளியும் சிதறின. அவளுடைய கைகள் மெல்ல மெல்ல மேலே போயின, உள்ளங்கைகள் முன்னால் தெரிய.

"அம்மா, நான்தான்."

"உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை, சேர்" என்றாள். சின்னப் பிள்ளையின் குரல். "அண்ணா இஞ்சை இல்லை."

 அவளைவிட உயரமாக நிற்கக்கூடாது என்று மட்டும் சயூரனுக்குத் தோன்றியது. தரையில் உட்கார்ந்தான். சப்பாத்தையும் மேலங்கியையும் பிடுங்கியெடுத்து அறைக்குள் எறிந்தான். "சயூரன், அம்மா. சயூரன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசியில் அவள் கைகள் தளர்ந்தன. அவளும் தக்காளிகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

"எங்கடை ஊருக்கும் ஆமிக்காரர் சமாதானத்துக்கெண்டுதான் வந்தவை" என்றாள். "நாங்கள் மாலையோடை றோட்டிலை நிண்டனாங்கள். பிறகொருநாள் வீட்டுக்கை வந்து அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போச்சினம். ஒரு கேள்வி கேட்டிட்டு விடுவினமாம். விடேல்லை."

மாமா சண்டையில் இறந்துபோனார் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

"ஏனம்மா முந்தியே சொல்லேல்லை?"

"சொன்னா நீ போயிருக்கமாட்டாய். ஒருத்தனாவது நல்லவனாப் போகட்டும் எண்டு நினைச்சன்."

அவன் அழுதான். பிறகு கிணற்றடியையும் ரயில் மேடையையும் கறுப்புத் திட்டுகளையும் சொன்னான். 

"அவவுக்கு என்ன பேர்?"

"தெரியாது."

"உயிரோடை இருக்கிறாவோ?"

"தெரியாதம்மா."

"கேக்கேல்லையோ?"

கேட்கவில்லை. பதிலுக்குப் பயந்துதான் கேட்கவில்லை. அன்றே தன் படைப்பிரிவின் பழைய மொழிபெயர்ப்பாளர் இத்ரிஸைத் தொலைபேசியில் தேடிப் பிடித்தான். எல்லைக்கு அப்பால் கூடாரங்களில் இருந்த ஊர்ச்சனத்திடம் விசாரித்து, சில நாள் கழித்து இத்ரிஸ் அழைத்தான். அவள் பெயர் ஃபதிமாத்தா. கணவனால் நடக்க முடியாது. அதனால் ஊரே ஓடினாலும் அவள் ஓடுவதில்லை. எரித்த அன்றும் ஓடவில்லை. இருவரையும் ஒரே குழியில் வைத்தார்களாம்.

கத்தோலிக்கருக்கு நவம்பர் இறந்தவர்களின் மாதம். ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு மன்றாட்டுக் கேட்கப்போன மரியமலர், அண்ணனின் பெயரோடு இன்னொரு பெயரையும் சொன்னாள்.

"இது ஆர், மரியமலர்?" என்றார் சுவாமி.

"என்ரை மகனுக்குத் தெரிஞ்ச ஆள், ஃபாதர்."

பூசையில் அந்தப் பெயரைச் சுவாமி தட்டுத்தடுமாறி வாசித்தபோது, சயூரன் பக்கத்திலிருந்த தாயின் கையைப் பிடித்துக்கொண்டான். 

விழாவுக்கு அவன் போகவில்லை. நீல முக்காடு இப்போதும் சில காலைகளில் தெரிகிறது. அவன் ஓடுவதில்லை, நின்றுவிடுகிறான். விழா நடந்த நாளில் கப்டன் ஹால்வரே அழைத்தார்.

"நானும் போகவில்லை" என்றார்.

சயூரன் ஃபதிமாத்தாவைப் பற்றி அறிந்ததையெல்லாம் சொன்னான். 

"பெயரை இன்னொரு தடவை சொல்" என்றார் கப்டன். "மெதுவாக."