கூட வந்தவர் பதில் சொல்வார்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒரு வியாதி வந்திருக்கிறது. எதைச் செய்தாலும் உடனே திருப்தியா என்று கேட்கிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கினால் போனில் கேட்கிறான். பல்லைப் பிடுங்கினவன், ரத்தம் நிற்பதற்கு முன்னாலேயே கேட்கிறான். சுவருக்குப் பெயிண்ட் அடித்தே என் ஆயுசு போயிற்று. ஒரு வீட்டுக்காரனிடமும் திருப்தியா என்று நான் கேட்டதில்லை. சுவர் உரிந்தால் அவனே வந்து கத்துவான். கத்தப் போகிறவன் வாயை முன்கூட்டியே அடைத்து வைக்கிற சாமர்த்தியம் மூணாம் வகுப்போடு நின்றவனுக்கு ஏது.

அன்று மகளைப் பார்க்க அவள் புகுந்த வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே ரகளை. மகளுக்கு எட்டாம் மாதம். ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டு நிற்கிறாள், செருப்பு காலில் ஏறவில்லை. பாதம் இரண்டும் ஊறிப்போன ரொட்டி மாதிரி உப்பிக் கிடந்தன.

"புள்ளத்தாச்சி கால்னா வீங்கத்தான் செய்யும். நான் மூணு பெத்தவ, எனக்கு வீங்காத வீக்கமா? உன் புருஷன் செருப்பைப் போட்டுக்கிட்டு வா" என்றார் சம்பந்தியம்மா. அந்தத் தெருவில் அவருக்கு ரேடியோ என்று பேர். ரேடியோவையாவது அணைக்கலாம்.

"தலையும் விடாம வலிக்குது அத்தை. அதையும் இன்னிக்கு டாக்டர்கிட்ட சொல்லிடலாம்" என்றாள் மகள்.

"சொல்லி? வலி, வீக்கம்னு அங்க போய்ப் பாட்டுப் படிச்சா அந்தம்மா என்ன நெனைப்பாங்க? இந்த வீட்டுல மருமகளைப் பட்டினி போட்டு வேலை வாங்கறாங்கன்னுதான். உனக்கு இங்க என்ன கொறை? உங்கப்பாவும் வந்துட்டார். அவர் முன்னாடியே சொல்லு, கேட்டுக்கறேன்."

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து புருஷன் செருப்பில் காலை நுழைத்தாள்.

அந்தத் தெரு முழுக்க இதுதான் சட்டம். பிள்ளைத்தாச்சி தலைவலி என்றால் யாரும் தலையைப் பற்றி யோசிப்பதில்லை, மாமியாரைப் பற்றி யோசிப்பார்கள். வாந்தி என்றால் அது சமையலைக் குறை சொல்வது. இடுப்பு வலி என்றால் புருஷன் மேல் பிராது. ஆகையால் நல்ல மருமகளுக்கு எதுவும் வலிக்காது. டாக்டர் கேட்டால் கூட வந்தவர் பதில் சொல்வார். பெற்றுக்கொள்கிற வேலை ஒன்றைத்தான் அவளுக்கென்று விட்டு வைத்திருக்கிறார்கள். அதையும் மாமியாரே செய்ய முடியுமானால் அதற்கும் ஆள் தயார்.

மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். டயர் கடையில் வேலை.

"நீங்க வரலியா மாப்பிள்ளை?"

"கடையில ஆள் இல்ல மாமா. அம்மா பாத்துப்பாங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் சொல்கிற ஒரே வார்த்தை அது. அம்மா பாத்துப்பாங்க. டயருக்குக் காற்று போதுமா என்று கையை வைத்துப் பார்க்கத் தெரிந்த மனுஷன், பெண்டாட்டி காலைக் குனிந்து பார்க்கவில்லை.

நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

தனியார் ஆஸ்பத்திரி. அந்தப் பக்கத்தில் நல்ல பேர். உள்ளே போனதும் குளுகுளு என்று இருந்தது. ஒரு கண்ணாடித் தொட்டியில் மீன். சுவரில் ஓதம் ஏறியிருந்ததைச் சுரண்டாமல், மேலேயே ரோஜா நிறத்தில் பளபளப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதில் வரிசையாகப் படங்கள்: பிள்ளையும் கையுமாகச் சிரிக்கிற பெண்கள். ஒரு முகத்திலாவது தூக்கம் கெட்ட அடையாளம் இல்லை.

லிப்டில் மேலே போனோம். நாற்காலி கொள்ளாத கூட்டம். ஒவ்வொரு வயிற்றுக்குப் பக்கத்திலும் ஒரு வாய் உட்கார்ந்திருந்தது. மாமியார், நாத்தனார், அம்மா என்று யாராவது ஒருத்தர். தனியாக வந்திருந்தவள் ஒரே ஒருத்தி. காய்கறி விற்கிறவள், மூன்றாம் பிள்ளைக்காரி. காலை நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

நர்சுப் பெண் மகளின் பேரைக் கூப்பிட்டு, ரவிக்கைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். பார்த்தாள். புருவம் சுருங்கியது.

"என்னக்கா இது, பிரஷர் இவ்ளோ காட்டுது?"

மகள் வாயைத் திறப்பதற்குள் ரேடியோ முந்திக்கொண்டது. "மாடியேறி வந்தாம்மா. அதான் படபடப்பு. போன மாசம் நல்லாத்தானே இருந்துச்சு?"

"ஆமா, போன மாசம் சரியாத்தான் இருந்துச்சு."

"மாடி எங்க ஏறினோம்? லிப்டுலதானே வந்தோம்" என்றேன் நான்.

"பெரியவரே, ஆம்பளைங்க அந்தப் பக்கம் உக்காருங்க" என்றாள் நர்சு. பின்னால் நின்ற கும்பலைப் பார்த்தாள். "இப்ப மறுபடி அளக்க நேரமில்ல. போன மாசத்து அளவையே போட்டுக்கறேன். டாக்டர் பாத்துப்பாங்க."

இங்கேயும் அதே வார்த்தை. வீட்டில் அம்மா பாத்துப்பாங்க, இங்கே டாக்டர் பாத்துப்பாங்க. பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் அடுத்தவரைக் கையைக் காட்டிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள்.

நான் ஆண்கள் பக்கம் போகாமல் டாக்டர் அறை வாசலில் நின்றுகொண்டேன். அப்போது சீருடை போட்ட ஒரு சின்னப் பெண், கையில் பலகை மாதிரி ஒரு பெரிய போனோடு வந்தாள். அதில் மூன்று முகங்கள். ஒன்று சிரித்தது, ஒன்று உம்மென்று இருந்தது, ஒன்று அழுதது.

"அக்கா, எங்க கவனிப்பு உங்களுக்குத் திருப்தியா? ஒரு முகத்தை அழுத்துங்க."

"இன்னும் டாக்டரையே பாக்கலியே" என்றாள் மகள்.

"பரவால்லக்கா. பாத்துட்டு எல்லாரும் ஓடிடறாங்க. அதனால முன்னாடியே வாங்கிடறோம்."

சம்பந்தியம்மாவின் விரல் எட்டிப் போய்ச் சிரிக்கிற முகத்தை அமுக்கியது. "எங்களுக்கு ஒரு கொறையும் இல்லம்மா."

காய்கறிக்காரி கடலைத் தோலை ஊதினாள். "அந்த அழுவற மூஞ்சிய யாராச்சும் அழுத்தியிருக்காங்களா பாப்பா?"

"இதுவரைக்கும் இல்லக்கா."

"எப்படி அழுத்துவாங்க? அழுத்தினா அடுத்த தடவை ஊசி மொக்கையா வரும்."

கூட்டம் சிரித்தது. மருமகள்கள் சிரித்தார்கள், சிரித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவர் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். அந்தச் சின்னப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனாள். அங்கே ஒரு நாத்தனாரின் விரல் தயாராக இருந்தது.

சம்பந்தியம்மா தண்ணீர் பிடிக்க எழுந்து போன நேரத்தில் மகள் என்னிடம் வந்தாள். "அப்பா, கண்ணு முன்னாடி மின்னி மின்னி மறையுது. பயமா இருக்கு."

"டாக்டர்கிட்ட சொல்லேன் கண்ணு."

"போன மாசமும் சொல்லத்தான் வாயத் தொறந்தேன். எனக்கு முன்னாடி அத்தை பேசினாங்க. அவங்க பேசி முடிச்சதும் டாக்டர் மணி அடிச்சுட்டாங்க."

மணி அடித்தது. இவள் முறை.

உள்ளே ஆண்களுக்கு இடம் இல்லை. ஆனால் அடுத்து வருகிறவள் சீக்கிரம் நுழைய வேண்டும் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். வைத்தியம் பார்க்கிற இடத்துக்கும் டிக்கெட் கொடுக்கிற இடத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தபடி கேட்டார்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கா டாக்டர்" என்றார் சம்பந்தியம்மா.

"சாப்பாடு, தூக்கம்?"

"ரெண்டும் நல்லா."

"குழந்தை அசையுதா?"

"அதுவா, உதைச்சு எடுக்குது."

யார் வயிற்றில் உதைக்கிறது, யார் சொல்கிறார்கள் என்று ஒரு கேள்வி அந்தப் படித்த தலைக்குள் எழவில்லை. எழுந்திருந்தாலும் கேட்க நேரம் இருந்திருக்காது. "பிரஷர் நார்மல். வெரி குட். மாத்திரைய விடாம போடுங்க" என்று மணியைத் தட்டினார்.

காய்கறிக்காரி எழுந்து என்னைத் தாண்டி உள்ளே போனாள். சம்பந்தியம்மா பையை எடுத்துக்கொண்டார். என் மகள் மட்டும் முக்காலியை விட்டு அசையவில்லை.

"எந்திரிம்மா" என்றார் சம்பந்தியம்மா.

"நான் இன்னும் பேசல அத்தை."

டாக்டரம்மா அப்போதுதான் முதல் தடவையாகத் தலையைத் திருப்பினார். "என்னம்மா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். தலைப்பிரசவம், சும்மா பயப்படறா. நான் வீட்டுல..."

"அத்தை, நீங்க கொஞ்சம் இருங்க." மகள் குரலை உயர்த்தவில்லை. முக்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "டாக்டர், நாலஞ்சு நாளா தலை வலிக்குது. கண்ணுல மின்னுது. இன்னிக்கு பிரஷர் நெறைய காட்டுச்சு, எழுதல. போன மாசத்தோடதத்தான் போட்டாங்க. நேத்துலேருந்து புள்ள சரியா அசையல. உதைக்குதுன்னு அத்தை சொன்னாங்க. எனக்கு அப்படித் தெரியல."

"வெளிய பேஷண்ட்ஸ் காத்திருக்காங்க, சீக்கிரம்" என்றாள் வாசலில் வந்து நின்ற நர்சு.

"காத்திருக்கறவ நான்தான். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. அவ பேசட்டும்" என்றாள் காய்கறிக்காரி, அங்கே கிடந்த பரிசோதனைக் கட்டிலில் ஏறி உட்கார்ந்தபடி.

டாக்டரம்மா எழுந்து வந்தார். ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டு அவரே பட்டையைச் சுற்றினார். ஒரு தடவை பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். குனிந்து காலை அமுக்கினார். அமுக்கின இடம் குழியாகவே நின்றது.

அதற்கப்புறம் யாருக்கும் நேரமில்லாமல் போகவில்லை. சக்கர நாற்காலி வந்தது. ஊசி வந்தது. கையெழுத்துக்குத் தாள் நீட்டி மாப்பிள்ளையைக் கூப்பிடச் சொன்னார்கள். உடனே ஆபரேஷன், இனிமேல் தாமதித்தால் வலிப்பு வரும், இரண்டு உயிரும் போகும் என்றார்கள். இத்தனை மாதம் பிரமாதமாக இருந்த உடம்பு எப்படி ஒரு மணி அடிக்கிற நேரத்தில் இப்படி ஆயிற்று என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

அறுவை அறை வாசலில் சம்பந்தியம்மா அழுதார். அழுகை நிஜம்தான், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அழுகையில் என்ன சொன்னார் என்பதையும் கேட்க வேண்டும்.

"எங்க மானத்தை வாங்கிட்டாளே அண்ணா. 'நீங்க இருங்க'ன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டாளே. அந்த டாக்டரம்மா என்னைப் பத்தி என்ன நெனைச்சிருப்பாங்க?"

"பொண்ணு உள்ள இருக்கு சம்பந்தியம்மா."

"அதத்தான் நானும் சொல்றேன். வீட்டுலயே என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

ஓடி வந்த மாப்பிள்ளை கைக்கறையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "அம்மா சொல்றதும் ஞாயம்தான் மாமா. வீட்டுலயே சொல்லியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது."

காலையில் செருப்பை வைத்துக்கொண்டு அவள் சொன்னது, அந்த வீட்டில் சொன்னதாகவே கணக்கில் வரவில்லை. கழுதைக்குப் பின்னால் நின்று பேசினால் உதையாவது கிடைக்கும். இவர்களிடம் அதுவும் இல்லை.

பெண் குழந்தை. என் உள்ளங்கை நீளம்கூட இல்லை என்று தோன்றியது. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். பிழைத்துக்கொள்ளும் என்றார்கள். மகளும் பிழைத்தாள்.

சில நாள் கழித்து, அவள் எழுந்து சாய்ந்து உட்காரும்படி ஆனபோது, டாக்டரம்மா, டாக்டருக்குப் படிக்கிற பெண்கள் நாலைந்து பேரைப் பின்னால் கூட்டிக்கொண்டு வந்தார். கட்டில் அருகே சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, நான்.

"இந்தக் கேஸ்ல நாம நல்ல நேரத்துல கண்டுபிடிச்சோம்" என்றார் டாக்டரம்மா அந்தப் பெண்களிடம். அப்புறம் எங்களைப் பார்த்தார். "பிரச்சினை என்னன்னா, நம்ம பொண்ணுங்க வாயத் தொறந்து எதையும் சொல்றதே இல்ல. சொன்னாத்தானே எங்களுக்குத் தெரியும்?"

படிக்கிற பெண்கள் தலையாட்டினார்கள்.

"அதையேதான் டாக்டர் நானும் தெனம் சொல்றேன்" என்றார் சம்பந்தியம்மா. "எதா இருந்தாலும் சொல்லிடு, சொல்லிடுன்னு. கேட்டாத்தானே."

மாப்பிள்ளையும் தலையாட்டினார்.

டாக்டரம்மா குனிந்து என் மகள் தோளைத் தட்டினார். "என்னம்மா, இனிமே உடம்புக்கு ஏதாவதுன்னா தைரியமா நீயே சொல்லணும். சொல்லுவியா?"

மகள் உதட்டைப் பிரித்தாள்.

"சொல்லுவா டாக்டர், சொல்லுவா" என்றார் சம்பந்தியம்மா.

"வெரி குட்" என்று டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கே ஒரு மாமியார் எழுந்து நின்று தயாராக இருந்தார்.

நான் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"எங்க அண்ணா கெளம்பிட்டீங்க? டாக்டரம்மா எவ்ளோ நல்லாச் சொன்னாங்க பாத்தீங்களா" என்றார் சம்பந்தியம்மா.

"சொன்னாங்க" என்றேன்.

அந்தத் தெருவில் இப்போது எல்லாம் மாறிவிட்டதாம். மருமகளை வாய் திறந்து பேச விடுகிற வீடு என்று ரேடியோவே வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போகிறதாம். மாப்பிள்ளை போனில் சொன்னார். மகளிடம் போனைக் கொடுங்கள் என்றேன். அவள் நல்லா இருக்கா மாமா என்றார். வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நானே நேரில் பார்க்க நடந்தேன்.