வேலையற்றோர் மூப்புப் பட்டியல்

இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், மட்டக்களப்பு வாவிக்கரையில் நான்கு கம்பும் ஒரு தகரக் கூரையுமாய் இயங்கிவரும் வேலையற்ற பட்டதாரிகள் சங்கத்தின் மூப்புப் பட்டியலில், தன்னாமுனையைச் சேர்ந்த ரதீஸ் என்பார், ஏழு வருடமும் இரண்டு மாதமும் வேலையின்றி இருந்து பத்தாம் இடத்தை எய்தியுள்ளார்.

லேசில் எய்திய இடமல்ல. சங்கத்துக்கு ஒரேயொரு விதிதான்: எங்காவது ஒரு நாள் கூலிக்கு நின்றாலும் பெயர் பட்டியலின் அடிக்குப் போய்விடும். அதிக காலம் சும்மா இருந்தவனுக்கே அரசாங்கம் முதலில் வேலை கொடுக்கும் என்பதில் அங்கே எவருக்கும் ஐயமில்லை. காத்தான்குடிக் கடைகள் கணக்கெழுத ஆள் தேடின. களுவாஞ்சிக்குடியில் ரியூசன் மாஸ்டர் தேடினார்கள். பட்டதாரிகள் விரதம் கலைக்கவில்லை.

அப்போதுதான் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. ‘நீண்டகாலம் வேலையற்றிருக்கும் பத்துப் பேரை ஆயத்தமாக வைத்திருக்கவும். அதிகாரி செவ்வாய்க்கிழமை வருவார்.’ எதற்கு என்று எழுதியிருக்கவில்லை. வேறு எதற்கு இருக்கும்? ரதீஸுக்கு முப்பத்தைந்து வயதாகப் பதினெட்டு நாள் இருந்தது. அதன் பிறகு அரசாங்கக் கதவு எதுவும் அவனுக்குத் திறக்காது.

செவ்வாய் காலை, பதினோராம் இடத்து நிதுர்ஷன் தன் போனைச் சங்கச் செயலாளர் அஜந்தாவிடம் நீட்டினான்.

“அக்கா, இதக் கொஞ்சம் பாருங்க. நம்மட பத்தாம் நம்பர் சீமெந்து சுமக்கிறார்.”

படத்தில் ஏறாவூர் மீராசாஹிப் முதலாளியின் இரும்புக் கடை. தோளில் மூட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தான் ரதீஸ்.

“அது சும்மா உதவிக்குப் போனது,” என்றான் ரதீஸ்.

“ஆறு மாசமாவா மச்சான் உதவி? முதலாளிட்டக் கேட்டன். நல்ல பொடியன், மனேஜராப் போடுவம் எண்டாலும் பேரப் பதியாதீங்க எண்டு அழுறான் எண்டார்.”

அஜந்தா சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.

மறுகணம், பொருளியல் சிறப்புப் பட்டம் பெற்ற ரதீஸின் முஷ்டி அரசறிவியல் பட்டம் பெற்ற நிதுர்ஷனின் மூக்கைச் சந்தித்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் அவன் முழங்கை வரை வந்தது. நிதுர்ஷன் விழுந்தும் போனை விடவில்லை. ரதீஸ் அவன் விரல்களைச் செருப்புக் காலால் மிதித்தான். ஒருமுறை, இருமுறை, விரல் நுனியில் நகம் தொங்கும் வரை மிதித்தான். போன் கைக்கு வந்தது. வாவிக்குள் எறிந்தான்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பன்னிரண்டாம் இடத்து அழகரத்தினம் கணிதப் பட்டதாரி. இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனால் பத்தாம் இடம் யாருக்கு என்று கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கி ரதீஸின் பிடரியில் இறக்கினான். பதின்மூன்றும் பதினான்கும் அதே கணக்கைப் போட்டார்கள். ‘உழைக்கும் உரிமை கொடு’ என்ற பதாகையின் கம்பைப் பிடுங்கி ரதீஸ் சுழற்றினான். யாருடையதோ பற்கள் கம்பில் பட்டுத் தெறித்தன. ஒருவன் அவன் காதைக் கடித்தான். பட்டியலைக் காப்பாற்றப் பாய்ந்த அஜந்தாவின் மணிக்கட்டில் கம்பு விழுந்தது. பச்சைத் தடி முறிவதுபோல் கேட்டது.

“என்ட கை,” என்றாள் மெதுவாக.

சிவப்புப் பேனா மண்ணில் கிடந்தது. ரதீஸின் பெயர் வெட்டுப்படவில்லை. அவனுக்கு அது போதும்.

வாகனம் வந்து நின்றது. அதிகாரி ஒரு தோற்பையோடு இறங்கி, தரையில் கிடந்த நிதுர்ஷனைச் சுற்றி நடந்து வந்தார். ரதீஸ் தொங்கிய காதை ஒரு கையால் பொத்திக்கொண்டு, வாயில் இருந்த இரத்தத்தை விழுங்கினான்.

“பத்தாம் நம்பர் நான்தான் சேர். ஏழு வருசம். ஒரு நாளும் வேலை செய்யல்ல.”

“நல்லது,” என்று அதிகாரி படிவமொன்றை எடுத்தார். இளைஞர்கள் எவ்வளவு காலம் வேலையில்லாமல் இருக்கிறார்கள், அதற்கு என்ன காரணம் என்று ஓர் ஆய்வு செய்வதாகச் சொன்னார்.

“நியமனம், சேர்?”

“அப்படி ஒன்றும் இல்லையே.”

பிறகு நிற்கக்கூடியவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு, பத்து இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஐந்து பேர் போதும் என்றார்.