வார்டன் அக்காவுக்கு ஒரு ஜெபம்

மண்ணூர் பெண்கள் விடுதியில் செல்லக்கனிக்கு வார்டன் என்று பெயர்தான். காய்ச்சல் வந்தால் கஷாயம் போடுவதும், ஊரிலிருந்து வரும் போனை எடுப்பதும், காதல் முறிந்தால் மடி கொடுப்பதும் அவள்தான். சாத்தான்குளத்துக்காரி. புருஷன் காலமான மறுவருஷம், 2001இல், தம்பி பார்த்துக்கொடுத்த இந்த வேலைக்கு வந்தாள். அங்கே தங்கியிருந்த முப்பத்தாறு பெண்களும் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் ஷிப்டு மாறிமாறி வேலை பார்த்தார்கள்.

அவள் மேசையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும். பெண்கள் தங்கள் கவலையைத் துண்டுச்சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை குறையணும், சூப்பர்வைசர் திட்டக் கூடாது, நல்ல மாப்பிள்ளை வரணும். தினமும் விடிகாலையில் ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பேர் சொல்லி ஜெபிப்பாள். இது போக, சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், பெண்கள் ஐக்கியம், ஞாயிறு பள்ளி. பாஸ்டர் எதைக் கேட்டாலும் "சரிங்க ஐயா" என்பாள்.

உள்ளே ஊற்று எப்போது வற்றியது என்று அவளுக்கே தெரியவில்லை. இடி விழுந்தாற்போல் எதுவும் நடக்கவில்லை. ஒருநாள், விடுதிப் பெண் சந்திரலேகாவின் அம்மாவுக்கு ஆபரேஷன் என்ற சீட்டை வைத்து ஜெபித்துக்கொண்டிருந்தபோது, மனசு பருப்பு தீர்ந்துபோனதை நினைத்துக்கொண்டிருந்தது. சே, என்று தன்னையே கடிந்துகொண்டாள். மறுநாளும் அப்படியே. ஏதோ பாவம் செய்துவிட்டோம் என்று பயந்து, வாரம் ஒரு நாள் இருந்த பட்டினியை இரண்டாக்கினாள். பிறகு அழுகைகூட வரவில்லை.

2004 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை நடுவில் பாஸ்டர், "செல்லக்கனி அம்மா சபைக்காக ஜெபிப்பாங்க" என்றார். எழுந்து நின்றாள். "அன்பின் தகப்பனே" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. மின்விசிறி மட்டும் கடகடத்தது. யாரோ இருமினார்கள். "மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள், விடுதிக்கு நடந்தே போய் அறையில் சுருண்டு படுத்தாள்.

முதலில் வந்தது மாடியில் குடியிருந்த வீட்டுக்காரி கிளியம்மாள். கையில் ரசஞ்சோறு.

"இன்னா கனி, சர்ச்சுல மயக்கமாமே? மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போய்க் கீது."

"மயக்கமில்லக்கா. ஜெபம் பண்ண வரல்ல."

"அது வர்றப்ப வரட்டும். கடசியா எப்போ முழுசா தூங்குனே, சொல்லு."

செல்லக்கனி யோசித்துப் பார்த்தாள். நாட்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டாள்.

சாயங்காலம் விடுதிப் பெண் பூமாரி வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. கிருத்திகை தவறாமல் வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போகிறவள். "அக்கா, ஒங்களுக்கு நான் ஜெபம் பண்ணட்டுமா?" என்றாள்.

"ஒனக்குத் தெரியுமாட்டி?"

"நீங்க பண்ணுததத்தான் ஒன்றர வருசமா தட்டிக்கு அந்தப் பக்கம் படுத்துக் கேக்கேனே."

கோயிலில் கும்பிடுவதுபோல் கைகளைக் குவித்துக் கண்ணை இறுக மூடினாள்.

"ஏசப்பா, நான் பூமாரி. ஒங்களுக்கு என்னயத் தெரியாது. இந்த அக்காவ நல்லாத் தெரியும். நாங்க எல்லாருமாச் சேந்து இவங்கள ஓட ஓட வெரட்டிட்டோம். எல்லாருக்கும் இவங்க கேக்காங்க, இவங்களுக்குக் கேக்க ஆளில்ல. இனிமே காய்ச்சல்காரிக்குக் கஞ்சி நாங்களே வச்சிக்கிடுதோம். கேட்டுல போற வாற நேரம் குறிக்குத நோட்டும் நானே எழுதிக்கிடுதேன். நீங்களும் இவங்கள்ட்ட ஒண்ணும் கேக்காதீங்க. சும்மா கூட இருங்க, போதும்." ஒரு கண்ணைத் திறந்தாள். "எப்படிக்கா முடிக்கணும்?"

"ஆமென்னு சொல்லு."

"ஆமென்."

செல்லக்கனிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை முட்டியது. மாதக்கணக்காய் வராத அழுகை. பூமாரி பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அதைக் குடித்துவிட்டுப் படுத்தவள் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தாள். அதற்குள் பெண்கள் வேலைகளைப் பங்கு போட்டு, பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

வியாழக்கிழமை கிளியம்மாள் அவளை வலுக்கட்டாயமாகத் தன்னோடு செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பஸ் ஏற்றினாள். இத்தனை வருஷத்தில் செல்லக்கனி அந்த ஏரியை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. கரையில் வேப்பமர நிழலில் உட்கார்ந்ததும் கிளியம்மாள் முந்தானையை விரித்துப் படுத்துவிட்டாள்.

பழக்க தோஷத்தில் பெண்களின் பெயர்கள் வரிசையாக நாக்குக்கு வந்தன. "எல்லாத்தையும் நீரே பாத்துக்கிடும்" என்று நிறுத்திக்கொண்டாள். பிறகு சொல்வதற்கு ஒன்றுமில்லை. காற்று அடித்தது. நாரைகள் ஆழமில்லாத தண்ணீரில் நின்றிருந்தன. இத்தனை காலமும் ஆண்டவரை, ஷிப்டு முடிவில் கணக்குக் கேட்கக் காத்திருக்கும் அதிகாரியாக அல்லவா நினைத்திருந்தோம் என்று தோன்றியது. இன்றைக்கு அவர் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"ஆண்டவரே, பசிக்கு" என்றாள் மெல்ல. பல மாதங்களில் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

"பசிக்குதுன்னு என்னாண்ட சொல்லு" என்று கிளியம்மாள் கண்ணைத் திறக்காமலே டப்பாவை நகர்த்தினாள். புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும். விரலை நக்கிச் சாப்பிட்டாள் செல்லக்கனி.

அந்த ஞாயிறு, எல்லாப் பொறுப்பிலிருந்தும் மூன்று மாதம் விலகியிருக்கப் போவதாகப் பாஸ்டரிடம் சொன்னாள். கோபிப்பார் என்று நினைத்திருந்தாள். அவரோ தலையைக் குனிந்துகொண்டு, "நானே கேட்டிருக்கணும்மா. நீங்க சரின்னு சொன்னதையே பாத்தேன், ஒங்க முகத்தப் பாக்கல" என்றார்.

கடைசி வரிசையில் உட்காரத் தொடங்கினாள். நாலு வாரம் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வாரம், பாட்டின் இரண்டாம் சரணத்தில், சின்ன வயதில் ஊர் சர்ச்சின் பாடகர் குழுவில் பழகிய, மற்றவர்கள் பாட்டுக்குக் கீழே ஒட்டிப் பாடும் கீழ்க்குரல் தானாக அவள் தொண்டையிலிருந்து எழுந்தது. முன் வரிசைக்காரி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். செல்லக்கனி வெட்கப்பட்டாள், ஆனால் நிறுத்தவில்லை.