புதன்கிழமைக்குப் பன்னிரண்டு பேர்

எட்டு மாதம் கழித்துத்தான் அடுத்த தேதி இருக்கிறது என்று கிளினிக் கவுன்ட்டர் பெண் சொன்னபோது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைப் பார்த்து எனக்கே சந்தோஷமாகவும் இருந்தது. போன வருடமாக இருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

போன வருடம் எல்லாவற்றுக்கும் அழுதேன். பஸ் டிப்போவில் இருபத்திரண்டு வருடமாக ஷிஃப்ட் போடுகிறவள் நான். எந்த டிரைவர் எந்த வண்டியில் எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்பதை என் பென்சில்தான் சொல்லும். மாதவிடாய் நிற்கிற வயது வந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது, தூக்கம் போனது. அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன். மூளையில் பஞ்சை அடைத்தது போல் ஆனதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரே டிரைவரை ஒரே நேரத்தில் ஊரின் இரண்டு மூலைக்கும் போட்டுவிட்டேன். ஒரு வண்டி ஆளில்லாமல் நாற்பது நிமிடம் நின்றது. டிப்போவே சிரித்தது. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம். பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருட்களை வைக்கும் அறையில் என்னை உட்கார வைத்தார். என் நாற்காலியில் ஒரு பழைய கண்டக்டர் உட்கார்ந்தார்.

"திரும்பி வர்றீங்களா இல்லையான்னு இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. இல்லேன்னா அவருக்கே நிரந்தரமாக் குடுத்துடுவேன்" என்று மேனேஜர் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. நான் வாயே திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன. இன்னொரு தடவை தப்பு செய்தால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன்? இன்றைக்குப் புதன்கிழமை, இன்னும் இரண்டே நாள்.

இந்த கிளினிக்குக்கு என்னை இழுத்து வந்தவள் என் நாத்தனார். வாய் ஓயாது என்பதால் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். மூன்று மாதத்துக்கு முன் முதல் தடவை வந்தோம். "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லாத டாக்டரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கேள்வி கேட்டார், பதிலை முழுசாகக் கேட்டார், தோலில் தடவ ஒரு ஜெல்லும் இரவில் போட ஒரு மாத்திரையும் எழுதினார். ஆறாவது வாரத்தில் விடியும்வரை தூங்கினேன். எட்டாவது வாரத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை தொலைந்துபோவது நின்றது.

இன்றைக்கு டாக்டர் ஜெல்லின் அளவை மாற்றினார். "மூணு மாசத்துல மறுபடி பாக்கணும். பாக்காம நான் மருந்தை நீட்டிக் குடுக்க மாட்டேன்" என்றார். அறைக்கு வெளியே வந்தால் இந்தப் பெண் எட்டு மாதம் என்கிறாள்.

"மருந்தில்லாம அஞ்சு மாசம் நான் என்னம்மா பண்றது?"

"நான் என்ன பண்ணட்டும்மா? புதன்கிழமை மட்டும்தான் கிளினிக். எட்டுப் பேருக்கு மேல முடியாது. போன தடவை இடம் இருந்துச்சு. இப்ப யாரோ ஊர் பூராச் சொல்லிவிட்டுட்டாங்க, கூட்டம் தாங்கல."

நான் ரேடியோவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த தீயணைப்புக் குறிப்புகளை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தாள்.

"அந்த அட்டவணையைக் கொஞ்சம் காட்டும்மா" என்றேன்.

காட்டினாள். ஒன்பதிலிருந்து ஒன்றுவரை, ஆளுக்கு அரை மணி. அந்த அரை மணியில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும், இப்போதுதானே உள்ளே இருந்து வந்தேன். முதல் பத்து நிமிடம் நர்ஸ் எடை பார்க்கிறார், ரத்த அழுத்தம் பார்க்கிறார், தாளில் எழுதுகிறார். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஓர் அறை காலியாகக் கிடக்கிறது. என் கை தானாகவே பென்சிலைத் தேடியது. ஒரு தாளை வாங்கி, பெயர்களைப் புது வரிசையில் எழுதிக்கொண்டே சொன்னேன்.

"எல்லாரும் பஸ்ல ஏறினப்புறம் டிக்கெட் குடுத்தா வண்டி நின்னுக்கிட்டேதான் இருக்கும். கியூவுலயே குடுத்துட்டா ஏறினதும் கிளம்பலாம். நர்ஸம்மா எதிர் ரூம்ல அடுத்த ஆளைப் பாக்கட்டும். டாக்டருக்கு ஆளுக்கு இருபது நிமிஷம், அதே இருபதுதான், குறையல. எட்டுப் பேரு பன்னெண்டு பேராயிடும்."

"ஒம்பது மணிக்கு வர்ற முதல் ஆளு?"

"எட்டு அம்பதுக்கு வரணும்."

"நான் எட்டரைக்கே வந்துடறேனே!" என்றார் பின்னால் நின்ற நர்ஸ். அவர் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. அவரே தாளைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பும்போது டாக்டரும் கூட வந்தார்.

டாக்டர் வரிசையாக விரல் வைத்துப் பார்த்தார். அந்த விரலோடு நானும் ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தேன். எங்காவது ஒருத்தியை இரண்டு இடத்தில் போட்டிருந்தால்?

"சரியா இருக்கு" என்றார். "அடுத்த மாசத்துலேருந்து இப்படியே பண்ணிடலாம். காத்திருக்கறவங்களுக்கெல்லாம் போன் பண்ணும்மா. முதல்ல இவங்களுக்குத் தேதி போடு." பிறகு என்னைப் பார்த்து, "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார்.

"ஷிஃப்ட் போட்டுக்கிட்டிருந்தேன்" என்றேன்.

"போடறாங்க! எங்க அண்ணி போடறாங்க!" என்று ரேடியோ கத்தினாள். காத்திருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன். இது வேறு அழுகை.

சரியாக மூன்று மாதம் கழித்து வருகிற ஒரு புதன்கிழமைக்குத் தேதிச் சீட்டு வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கியதும் மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"சார், நான் திரும்பி வரேன்."

"நிச்சயமாவா? ஞாயித்துக்கிழமை ஷிஃப்ட்டே உக்கார மாட்டேங்குதும்மா. நாலு நாளாப் போட்டுப் பாக்கறோம், ஒரு டிரைவர் குறையுது."

"படிங்க சார்."

"இப்பவேயா?"

"இப்பவேதான்."

அவர் படிக்கப் படிக்க, ரேடியோவைத் திருப்பி நிறுத்தி, அவள் முதுகில் தாளை வைத்து எழுதினேன். கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் ஐந்து நிமிடம் பேசாமல் நின்றது அன்றைக்குத்தான்.

"சார், ஏழு மணி வண்டியை ஓட்டறவரு பத்தரைக்கு மார்க்கெட்ல முடிக்கறாரு. அவரை ஏன் வெறும் வண்டியோட டிப்போவுக்குக் கூப்பிடறீங்க? சாப்பிட்டுட்டு, ஆளில்லாம இருக்கற பதினொண்ணேகால் வண்டியா அங்கயிருந்தே எடுக்கட்டும். உங்களுக்கு ஆளே குறையல."

தாள் புரளும் சத்தம் கேட்டது. ஒரு தடவை பார்த்தார், இன்னொரு தடவையும் பார்த்தார்.

"எப்ப வர்றீங்க?" என்றார்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு. அந்தக் கண்டக்டரை எழுந்திருக்கச் சொல்லுங்க சார். அவருக்கும் நானே ஷிஃப்ட் போட்டுத் தரேன்."